வேலுவுக்குப் பிரசவம்

(மும்பை, செம்பூர், சேடா நகர். ஆகஸ்ட் மாத மழை. இரண்டாம் மாடியில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு. மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த செல்வத்தைப் பத்மா மாமி வாசலிலேயே பிடித்துவிடுகிறார். செல்வம் பறவை வளர்ப்பவன். அந்தக் கட்டடத்தில் அவனுக்கு வேறு அடையாளம் கிடையாது.)

மாமி: செல்வம், உள்ளே வா. செருப்பைக் கழற்று. மெதுவாகப் பேசு. எங்கள் வீட்டில் முட்டை இருக்கிறது.

செல்வம்: மாமி! நீங்களா?

மாமி: சீ, நான் இல்லையடா. வேலு.

செல்வம்: வேலு ஆண் என்றுதானே சொன்னீர்கள்?

மாமி: கடைக்காரன் அப்படித்தான் சொன்னான். நான் கேட்டது பச்சைக்கிளி. அதைக் கூண்டில் வைத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பையன் பயமுறுத்தினான். சரி, வம்பு வேண்டாம் என்று இந்த ஆஸ்திரேலியாக்காரக் கிளியை வாங்கினோம். காக்கட்டீல் என்ற பேர் வாயில் நுழையவில்லை. அதனால் வேலு.

செல்வம்: முகத்தைப் பாருங்கள். இந்தச் சாம்பல் வகையில் ஆண் வளர்ந்துவிட்டால் முகம் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். இதற்கு இன்னும் சாம்பல்தான். வாலுக்கு அடியில் கோடு கோடாக வேறு இருக்கிறது. பெண்ணேதான். அப்புறம், விசில் அடித்துப் பாட்டெல்லாம் பாடுவது பெரும்பாலும் ஆண்தான்.

மாமி: அதுதானா சங்கதி! வந்த நாளிலிருந்து சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு ஸ்வரம் வரவில்லை. குறை வாத்தியாரிடம்தான் என்று மாமா கேலி செய்தார். இரு, அவர் வரட்டும். ஆனால் ஒன்று சொல். இந்த வீட்டில் வேறு பறவையே கிடையாது. இது எப்படி?

செல்வம்: சேவல் இல்லாமல் கோழி முட்டை போடவில்லையா? முட்டை வரும், குஞ்சு வராது.

மாமி: அப்பாடா. பெண் வீட்டுக்குப் பேர் கெடவில்லை.

செல்வம்: எங்கே போட்டிருக்கிறது?

மாமி: அதை ஏன் கேட்கிறாய்! கட்டிலுக்கு அடியில் கொலுப் பெட்டி. பொம்மைகளுக்குச் சுற்றிவைத்த காகிதத்தையெல்லாம் நார் நாராகக் கிழித்து மெத்தை போட்டிருக்கிறாள். செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் நடுவில் முட்டை. இத்தனை வருஷம் அரிசி, பருப்பு மட்டும் விற்றுக்கொண்டிருந்த மனுஷன்!

செல்வம்: எத்தனை முட்டை?

மாமி: இப்போது ஒன்று. போடப்போட மாமா காகிதத்தில் சுற்றிக் கீழே போட்டுவிட்டு வந்து தலைக்குக் குளிக்கிறார். இதோடு எட்டு.

செல்வம்: எட்டா! மாமி, எடுக்கவே கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடும். ஓர் ஈட்டுக்கு 4 முதல் 7 வரை இருக்கும். அடியில் போதுமான முட்டை சேர்ந்தால்தான் அதற்குத் திருப்தி வந்து நிறுத்தும். நீங்கள் எடுத்துவிட்டால் குறைகிறதே என்று இன்னொன்று போடும்.

மாமி: அதுபாட்டுக்குப் போடட்டுமே. அதற்கென்ன கஷ்டம்?

செல்வம்: வேலுவின் எடை 90 கிராம் இருக்கும். முட்டை சுமார் 5 கிராம். 70 கிலோ ஆளாக இருந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் 4 கிலோக் குழந்தை பெற்ற கணக்கு.

மாமி: யார் 70 கிலோ?

செல்வம்: பொதுவாகச் சொன்னேன் மாமி.

மாமி: ம்.

செல்வம்: ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்து போகிறது. வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் தின்றால் ஈடுகட்ட முடியாது. கூண்டில் கணவாய் ஓடு ஒன்று மாட்டுங்கள், கொத்திக்கொள்ளும். காலை வெயிலிலும் கொஞ்ச நேரம் வையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்துப் பயனில்லை.

மாமி: கணவாயா? மீனா? இந்த வீட்டிலா?

செல்வம்: உங்கள் பாட்டியின் மருந்துப் பெட்டியில் வெள்ளையாகக் கடல் நுரை இருந்திருக்குமே. இழைத்துப் போடுவார்களே. அதுவேதான்.

மாமி: (சுற்றிப் பார்த்துவிட்டு) சரி, வாங்கிக்கொண்டு வா. மாமாவுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம்.

செல்வம்: சாப்பாடு என்ன கொடுக்கிறீர்கள்?

மாமி: பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோலத்தான். சாதத்தைச் சுடச்சுடக் குழைத்து, கேரட் மசித்து, வேளாவேளைக்கு. குளிருமே என்று என் பழைய பட்டுப் புடவையைப் பெட்டிக்குள் மடித்துப் போட்டேன். இருட்டில் பயப்படாமல் இருக்க ராத்திரி முழுக்க விளக்கு. குறை வைக்கவில்லையடா.

செல்வம்: நீங்கள் செய்த ஒவ்வொன்றும், "பெண்ணே, இன்னும் போடு" என்று சொன்ன மாதிரி.

மாமி: என்னடா சொல்கிறாய்?

செல்வம்: அதன் ஊரில் மழை பெய்து புல் விதை நிறையக் கிடைக்கும்போதுதான் இது கூடு தேடும். உங்கள் வீட்டில் என்ன குறை? வெளியே மழை. உள்ளே நினைத்தபோது குழைந்த சாதம். நாள் முழுக்க வெளிச்சம். மறைவாக ஒரு பெட்டி, கிழிக்கக் காகிதம், மேலே பட்டு மெத்தை. இவ்வளவு வசதி பண்ணிக்கொடுத்தால் எந்தப் பறவைதான் சும்மா இருக்கும்?

மாமி: பட்டுப் புடவை என் நாத்தனார் கொடுத்தது. அதுதான் வேலையைக் காட்டிவிட்டது.

செல்வம்: சூடான குழைசாதத்தை நிறுத்துங்கள். கீரை, காய்கறி சாதாரணமாகக் கொடுங்கள். கொலுப் பெட்டியைப் பரணில் ஏற்றுங்கள். சோபா அடி, அலமாரி இடுக்கு எங்கேயும் நுழைய விடாதீர்கள். கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் எடுங்கள்.

மாமி: அப்போது இந்த முட்டை?

செல்வம்: ஒரு தட்டில் வைத்துக் கூண்டுக்குள் அடித்தளத்தில் வையுங்கள். இனிமேல் போட்டால் அதுவும் அங்கேயே இருக்கட்டும். துணைக்குப் பிளாஸ்டிக் முட்டை நாலு வாங்கித் தருகிறேன். 3 வாரம் உட்கார்ந்து பார்க்கும், ஒன்றும் பொரியாது, அலுத்துப்போய் எழுந்துவிடும். அப்புறம் எடுத்துவிடலாம்.

மாமி: மூன்று வாரம் முட்டையோடு குடித்தனமா! ஆவணி அவிட்டத்துக்குச் சாஸ்திரிகள் வருவாரே. பிளாஸ்டிக் முட்டைக்குத் தோஷம் உண்டா?

செல்வம்: அதை அவரிடமே கேளுங்கள். எனக்குப் பறவை மட்டும்தான் தெரியும். மாமா இதை எப்படிக் கொஞ்சுகிறார்?

மாமி: மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். அது அப்படியே குனிந்து, வாலைத் தூக்கிக்கொண்டு, கீச் கீச்சென்று நமஸ்காரம் செய்யும். என்ன மரியாதை பார் என்று பூரித்துப்போவார்.

செல்வம்: மாமி... அது நமஸ்காரம் இல்லை.

மாமி: பின்னே?

செல்வம்: அது... ஜோடி சேருகிற பறவை செய்கிறது. முதுகையும் சிறகுக்கு அடியையும் தடவினால் அதற்கு வேறு அர்த்தம். மாமாவைத் தன் துணை என்று நினைத்துவிட்டது.

(மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது.)

மாமி: கல்யாணமாகி 38 வருஷம். தலைவலிக்கிறது என்றால் தைலம் எங்கே இருக்கிறது என்று கையைக் காட்டுவார். இவளுக்குத் தினமும் முதுகு தடவலா?

செல்வம்: அவருக்குத் தெரியாது மாமி. தலையிலும் கழுத்திலும் மட்டும் தடவச் சொல்லுங்கள்.

மாமி: யாருக்கு?

செல்வம்: வேலுவுக்கு!

மாமி: தெளிவாகச் சொல்.

செல்வம்: இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, முக்கினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, கால் தளர்ந்தாலோ, முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. உடனே ஆட்டோ பிடித்துப் பறவை பார்க்கிற டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மாமி: விளக்கெண்ணெய் தடவி வயிற்றை லேசாக நீவிவிட்டால்...

செல்வம்: தொடவே கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. சரியாகிவிட்டாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் நிறுத்துவதற்கு ஊசி இருக்கிறது.

மாமி: (கையை எடுத்துக்கொண்டு) சரிப்பா. சாயங்காலமே கூட்டிக்கொண்டு போகிறேன். வேறு?

செல்வம்: தூக்கம். ராத்திரி 12 மணி நேரமாவது இருட்டும் அமைதியும் வேண்டும். பகல் நீண்டால் இனப்பெருக்கக் காலம் என்று நினைத்துக்கொள்ளும். 7 மணிக்கே கூண்டைத் துணியால் மூடிவிடுங்கள்.

மாமி: ஏழு மணிக்கா? ஹாலில்தான் டிவி. ஏழிலிருந்து பத்தரை வரை எனக்கு ஐந்து சீரியல். சமையலறையில் வைக்கிறேன்.

செல்வம்: ஐயோ, வேண்டாம். நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வருகிற புகையில் பறவை நிமிஷத்தில் செத்துவிடும். படுக்கையறையில் வையுங்கள்.

மாமி: அங்கே மாமா படுத்திருப்பார்.

செல்வம்: அதனால் என்ன?

மாமி: அதனால் என்னவா? இவ்வளவு நேரம் நீ சொன்னதற்கு அப்புறமுமா?

செல்வம்: அப்படியானால் மாமாவை ஹாலுக்கு அனுப்புங்கள்.

மாமி: அவர் குறட்டையில் எனக்கு வசனம் கேட்காது. ஒன்று செய்யலாம். ராத்திரிக்கு மட்டும் உன் வீட்டில் வைத்துக்கொள்ளேன். நீ ஒண்டிக்கட்டை, ஏழு மணிக்கே விளக்கை அணைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

செல்வம்: அது மட்டும் முடியாது மாமி. என்னிடம் இருப்பது ஆண். அவன் குரலைக் கேட்டாலே இவளுக்கு மறுபடி ஆரம்பித்துவிடும்.

மாமி: ஆணா? முகம் மஞ்சளாக இருக்குமா?

செல்வம்: எலுமிச்சம்பழ மஞ்சள்.

மாமி: வயசு?

செல்வம்: இரண்டு. எதற்குக் கேட்கிறீர்கள்?

மாமி: சும்மாதான். பாடுவானா?

செல்வம்: காலையிலிருந்து வாயே மூடமாட்டான். மாமி, வேண்டாம். நான் இவ்வளவு நேரம் சொன்னது...

மாமி: எல்லாம் காதில் விழுந்தது. நீ உட்கார், காபி கலக்கிறேன். கொலுப் பெட்டியைப் பரணில் ஏற்றுவது அடுத்த வாரம் ஆகட்டும், ஒன்றும் அவசரமில்லை.