எலிக்கு மெத்தையா என்று சிரித்தவர்களுக்கு

முந்தாநாள் செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் கினி பிக் (எலியைப் போலக் கொறிக்கும், வாலில்லாத சின்னச் செல்லப்பிராணி) குட்டிகளைக் காட்டிப் போட்ட ரீல்ஸுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே இருங்கள். நான் எழுதியது இரண்டே வரி. "குட்டிகள் அழகாக இருக்கின்றன. கீழே போட்டிருக்கும் மரத்தூளை மட்டும் மாற்றிவிடுங்கள், மூச்சுக்கு ஆகாது." இதில் திமிர் எங்கே இருக்கிறது என்று நானும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. பதிலுக்கு வந்தவை மட்டும் ரகம் ரகமாக இருந்தன. "எலிக்கு மெத்தை வேணுமாம்." "ஏசி போட்டுக் குடுத்துடலாங்க மேடம்." "அக்காவுக்கு வீட்ல வேலை இல்ல போல." சிரிப்புக் குறி போட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மெத்தை என்று நான் சொல்லவே இல்லை. கினி பிக் கூண்டில் கீழே என்ன போடுகிறோம் என்பது முதலில் அதன் மூக்கு சம்பந்தப்பட்ட விஷயம். படுக்கைச் சுகமெல்லாம் அப்புறம். குட்டைக் கால், தரையை ஒட்டிய முகம். நாள் முழுக்க அது முகர்ந்துகொண்டே நடப்பது அந்த விரிப்பின் மேல்தான். மூக்கு அடைத்துக்கொண்டால் நம்மைப் போல வாயால் மூச்சு வாங்கிச் சமாளிக்க அதனால் முடியாது. நிறையத் தின்னும், நிறையத் தண்ணீர் குடிக்கும், அந்த அளவுக்கு மூத்திரமும் போகும். அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அமோனியா ஆக்கும். நின்றுகொண்டிருக்கும் உங்கள் மூக்குக்கே நாற்றம் எட்டிவிட்டதென்றால், தரையோடு தரையாக இருக்கும் அதன் மூக்குக்கு எப்போதோ எட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த எரிச்சலில் புண்பட்ட மூச்சுக்குழாயில்தான் கிருமி சுலபமாக உட்காரும். பிறகு தும்மல், மூக்கொழுகல், நிமோனியா. இரையாக வாழ்ந்த இனம் என்பதால் நோயை வெளியே காட்டாது. நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் காரியம் மிஞ்சியிருக்கும்.

இதைத்தான் இரண்டு வரியில் சொன்னேன்.

சரி, மரத்தூளுக்கு வருவோம். "பத்து வருஷமா இதைத்தாங்க போடறோம், ஒண்ணும் ஆகல" என்று அந்தக் கடைக்காரர் சொன்னதற்கு எத்தனை லைக். ஐயா, உங்கள் கடையில் ஒரு குட்டி எத்தனை நாள் இருக்கும்? வந்ததும் விற்றுவிடுவீர்கள். நல்லபடியாக வளர்த்தால் ஐந்திலிருந்து எட்டு வருஷம் வாழ்கிற ஜீவன் அது. அந்த வருஷங்களை வாங்கிப் போகிறவர் வீட்டில்தான் வாழ வேண்டும், இருமவும் அங்கேதான் இரும வேண்டும். உங்கள் கடையில் ஒன்றும் ஆகாமல் இருப்பதில் அதிசயம் என்ன?

அடுத்து, அந்தச் சாக்கில் இருப்பது என்ன மரம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குக் கொஞ்சம் தெரியும். என் அப்பா இங்கே சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். ரம்பத்துக்கு அடியில் விழுவது எல்லாம் ஒரே குவியல். காலையில் தேக்கு, மத்தியானம் வேம்பு, சாயங்காலம் யாரோ கொண்டுவந்த பழைய பேக்கிங் பெட்டியை உடைத்த பைன். பைன் பெட்டியில் சின்ன முத்திரை ஒன்று இருக்கும். 'HT' என்று போட்டிருந்தால் பூச்சி சாக 56 டிகிரிக்குச் சூடேற்றியது. 'MB' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. தூளாகிவிட்ட பிறகு முத்திரையை எங்கே தேடுவது? ஒட்டுப்பலகை அறுத்த தூளும் அதே குவியலில்தான், பசையோடு சேர்த்து. தேக்குத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கும் அப்படித்தான், சிலருக்கு ஆகாது. இதையெல்லாம் கலந்து சாக்கில் கட்டி, "பெட் பெடிங்" (செல்லப்பிராணி விரிப்பு) என்று பெயர் வைத்தால் அது பெடிங் ஆகிவிடுமா?

இழைப்புளியில் சுருள் சுருளாக விழும் சீவல் வேறு, ரம்பத்தூள் வேறு. சீவலில் தூசி குறைவு. அதுவும் எந்த மரம் என்று தெரிந்து, சூளையில் நன்றாக உலர்த்தித் தூசி நீக்கியதாக இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். வெளிநாட்டில் ஆஸ்பென் மரச்சீவல் போடுகிறார்கள். சேலத்தில் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நம்மூரில் கிடைக்கிற பைன், சிடார் வாசனை "ஃபிரெஷ்ஷாக" இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வாசனைதான் அண்ணா பிரச்சினை. 1967-லேயே இந்த வகை மரச்சீவலில் வளர்த்த ஆய்வக எலிகளின் கல்லீரல் நொதிகள் மாறுவதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். எலி மேல் பாசத்தில் இல்லை. கொடுத்த தூக்க மருந்தைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிட, எலிகள் சீக்கிரம் எழுந்துவிட்டன, சோதனைக் கணக்கு தப்பிப் போனது, அந்தக் கவலையில் தேடியபோது காரணம் கூண்டுக்குள் இருந்தது. பாசமே இல்லாத இடத்தில்கூட விரிப்பைக் கவனித்திருக்கிறார்கள். பாசத்தைப் பாட்டோடு ரீல்ஸ் போடுகிறவர்கள் கவனிக்கக் கூடாதா?

நாற்றத்துக்கு ஒரு அம்மா சொன்ன யோசனைதான் உச்சம். கூண்டு மூலையில் பாச்சை உருண்டை கட்டித் தொங்கவிடலாமாம். இன்னொருவர் பினாயில் விட்டுத் துடைக்கச் சொல்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். பாச்சை உருண்டை விஷம். அதே மாதிரி, தும்மினால் வீட்டிலிருக்கும் பிள்ளையின் அமாக்சிசிலின் சிரப்பையும் ஊற்றாதீர்கள். பென்சிலின் வகை மருந்து கினி பிக்கின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். டாக்டரிடம் போங்கள், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம்.

"கோழிக்கு உமி போடறோம்ல, அது சாகுதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார். பிராய்லர் கோழி சுமார் ஆறு வாரம் வாழ்ந்துவிட்டுக் கடைக்குப் போகிறது தம்பி. அதுவரை தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டுப் போடுவது அந்த உமி. உமி ஈரத்தையும் சரியாக உறிஞ்சாது, முனையும் கூர்மை. கடலைத்தொலியும் வேண்டாம், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வைக்கோல் கண்ணில் குத்தும். கம்பி வலைத் தளம் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாதம் புண்ணாகிச் சீழ் வைத்துவிடும். உள்ளங்காலில் முடியே இல்லாத பிராணி அது.

"அப்ப எதைத்தான் போடறது?" என்று உண்மையாகக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஃபிளீஸ் துணி, கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும் செயற்கை இழைத் துணி. அடியில் ஈரம் உறிஞ்ச பழைய துண்டு இரண்டு மூன்று மடிப்பு, அதன்மேல் ஃபிளீஸ். புதுத் துணியை அப்படியே போட்டால் மூத்திரம் மேலேயே முத்து முத்தாக நிற்கும். சில தடவை சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அலசிய பிறகுதான் ஈரத்தைக் கீழே விடும். வாசனைக்கு ஊற்றும் கம்ஃபர்ட் மாதிரி எதுவும் கூடாது, அது இழையின்மேல் படிந்து மறுபடி ஈரத்தைத் தடுக்கும். ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் புழுக்கை போடும், அதைச் சின்னப் பிரஷ்ஷால் தினமும் கூட்டிவிட வேண்டும். துணியில் வெள்ளையாகப் பொடி படிந்தால் பயப்படாதீர்கள், அதன் மூத்திரத்திலுள்ள கால்சியம் அது. வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும். சேலத்து வெயிலுக்கு மாடியில் போட்டால் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. நம் வெயிலுக்கு ஒரே ஒரு பிரயோஜனம் அதுதான். ஏப்ரல், மே மாதத்தில் துணிக்கு நடுவே ஒரு டைல்ஸ் துண்டும் வைத்துவிடுவேன், அதன்மேல் போய் நீட்டிப் படுத்துக்கொள்ளும். குளிர்ச்சிக்கென்று நனைத்த சாக்கைப் போடுகிறார்களே, அது கூடவே கூடாது.

இதே முறை ஏற்காட்டில் எடுபடவில்லை. என் தங்கை மேலே இருக்கிறாள், அவளிடமும் இரண்டு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் சில்லென்றே இருக்கும், காயவே காயாது. அடுப்படியில் காயப்போட்டால் புகை நாற்றம். அதனால் அந்த மாதங்களில் அவள் காகிதத்துக்கு மாறிவிடுகிறாள். அடியில் செய்தித்தாள், மேலே ஆபீஸ்களில் மெஷினில் நறுக்கிய வெள்ளைக் காகிதம், ஸ்டேப்ளர் பின் இல்லாமல் பார்த்துப் பொறுக்கியது. வழவழ விளம்பரத் தாள் கிடையாது. நறுக்கிய காகிதம் ஈரத்தைப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கூழாகிவிடும், நனைந்த இடத்தைத் தினமும் அள்ள வேண்டும். அள்ளுகிறாள். காகித உருண்டையாகப் பாக்கெட்டில் வருவதும் நல்லதுதான், விலை கட்டுபடியானால் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த புல் சாப்பாட்டுக்கு எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் அதையே விரிப்பாக நம்பக் கூடாது. ஈரம் வாங்காது, மலையில் சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும்.

ஆக, மலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இதுதான் ஒரே வழி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தூசியும் அமோனியாவும் அதன் மூக்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"பணம் இருக்கறவங்க பேச்சு" என்றார்கள். பழைய துண்டு, பழைய பேப்பர், ஒரு ஃபிளீஸ் போர்வை. இதில் பணக்காரத்தனம் எது என்று தெரியவில்லை. தூள் சாக்குக்குக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தான் செலவு செய்கிறார்கள்.

"காட்டில் யாரு விரிச்சா?" என்றார்கள். வீட்டுக் கினி பிக் காட்டில் கிடையாது. அதன் காட்டுச் சொந்தங்கள் புல்வெளியில் சுற்றித் திரிபவை, நான்கடிக் கூண்டுக்குள் தன் மூத்திரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பவை அல்ல. "பெருவில் அதைச் சமைச்சுத் திங்கறாங்க." ஆமாம், தின்கிறார்கள். அதற்கு?

கடைசியாக ஒருவர் எழுதியிருந்தார்: "மனுஷனே தூசில கிடந்து சாகறான், இவங்க எலிக்குப் பேசறாங்க." இதற்கு ஏகப்பட்ட இதயக் குறிகள். இதற்குத்தான் நான் பதில் எழுதாமல் போனை வைத்துவிட்டேன்.

மனிதன் தூசியில் கிடந்ததை எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். அப்பா வீட்டுக்கு வரும்போது புருவம், காதுமடல் எல்லாம் பழுப்பாக இருக்கும். வாசலிலேயே சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார், எங்கள் மேல் படக் கூடாதென்று. ராத்திரி இருமல் ஆரம்பித்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார், எங்கள் தூக்கம் கெடக் கூடாதென்று. முகத்துக்குத் துணி கட்டச் சொல்லி அம்மா முதலாளியிடம் கேட்டபோது என்ன பதில் வந்தது தெரியுமா? "எத்தனை வருஷமா எல்லாரும் இப்படித்தானே வேலை பார்க்கறாங்க, ஒண்ணும் ஆகலியே." அந்தக் கடைக்காரரின் வாக்கியம்தான் இது, வார்த்தைக்கு வார்த்தை. மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. மில்லில் அதை யாருக்கும் சொல்ல ஆளில்லை. துணி கட்டச் சொன்ன அம்மாவைப் பார்த்து அன்றைக்கும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

அதனால் மனிதனா எலியா என்று எனக்கு முன்னால் தராசு பிடிக்காதீர்கள். மனிதனுக்காகப் பேசியபோது நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தூசிக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது, எந்த நுரையீரல் கிடைத்தாலும் உள்ளே போகும்.

சிரிப்புக் குறி போட்டவர்களில் ஒருத்தி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அப்பாவின் இருமலை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவள். அவளுக்கு நான் தனியாக எதுவும் எழுதப்போவதில்லை.

கடையின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸில் வருபவர்களுக்கு: சொல்ல மாட்டேன், அந்தக் கடையில் மட்டுமா இது நடக்கிறது? அங்கே குட்டி வாங்கிவிட்டீர்கள் என்றால், சாக்கோடு கொடுத்த தூளை இன்றைக்கே வெளியே கொட்டிவிட்டு, ஒரு பழைய துண்டை விரியுங்கள். அடுத்த வேளைக்கு என்ன செய்வதென்று கேளுங்கள், சொல்கிறேன். அங்கே நான் போட்ட அந்த இரண்டு வரி அப்படியே இருக்கிறது, அழிக்கப்போவதில்லை.