ஆறு நாள் கைதி

1913 செப்டம்பர் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறைக்குள் 'டாம் பிரவுன்' என்ற பெயரில் ஒருவர் நுழைந்தார். தாமஸ் மாட் ஆஸ்போர்ன். அதே ஊரின் முன்னாள் மேயர், ஆலை முதலாளியின் மகன், அப்போது மாநிலச் சிறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவர். யாரையும் ஏமாற்றவில்லை. முந்தின நாளே கைதிகள் முன் நின்று, உங்களோடு வாழ வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சென்றார்.

விரும்பிப் போய் ஆறே நாளில் வெளியே வருபவனுக்குச் சிறையைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடுதலை நாள் தெரிந்தவனின் இரவும் ஆயுள் கைதியின் இரவும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த மனிதரை நான் மதிக்கிறேன். வேலை செய்ய மறுத்து, தண்டனையாக இருட்டறையைக் கேட்டு வாங்கி, அங்கே ஓர் இரவு கிடந்தார். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. கூடை முடையும் பட்டறையில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாக் மர்ஃபி என்ற கைதியின் பேச்சுக்கு அவர் காது கொடுத்தார். கைதிகளே தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை மர்ஃபியுடையது. ஆஸ்போர்ன் அதை மறைக்கவில்லை. தன் புத்தகத்திலேயே எழுதினார். கைதியிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரிகள் எத்தனை பேர்?

வாய் திறந்து பேசுவதே குற்றம் என்று ஏறக்குறைய நூறாண்டுகள் கைதிகளை ஊமைகளாக்கி வைத்திருந்த சிறை அது. அங்கேதான் 1914இல் அந்தச் சங்கம் 'பரஸ்பர நல லீக்' என்ற பெயரில் தொடங்கியது. பட்டறைவாரியாகத் தேர்தல் நடந்தது. சக கைதியின் தவற்றைக் கைதிகளே விசாரித்தார்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவன் வெளியே வந்து எப்படித் தானாக வாழ்வான் என்பதே ஆஸ்போர்னின் கேள்வி. இன்றும் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பேன்.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர் அதே மாநிலத்தின் சிங் சிங் சிறையின் தலைமை அதிகாரியானார். ஏழடி நீளமும் மூன்றேகால் அடி அகலமும் கொண்ட கல்லால் கட்டிய அறைகளில் மனிதர்களை அடைத்திருந்த இடம். அங்கும் லீக்கைக் கொண்டுவந்தார். ஒரே ஆண்டில் பொய்ச் சாட்சி, கடமை தவறியது, ஒழுக்கக்கேடு என்று குற்றச்சாட்டுகள் வந்து விழுந்தன. சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே, நியூயார்க் நகரில் அதை ஆட்டிவைத்த டாமனி ஹால் கும்பலை எதிர்த்தவர், எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. வழக்கு நிலைக்காமல் விழுந்தது. வழக்கின்போது விடுப்பில் இருந்த அவர் 1916 ஜூலையில் பதவிக்குத் திரும்பி வந்தபோது கைதிகள் கொண்டாடினார்கள். ஆனால் மேலிடத்தின் தலையீடு ஓயவில்லை. அக்டோபரில் பதவி விலகினார்.

அவர் தோற்றார் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறு ஆண்டே அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைச் சிறையின் பொறுப்பை ஏற்று, அங்கும் கைதிகளின் கையில் லீக்கைக் கொடுத்தார்.