கேஷ் வேறு, காசு வேறு. எத்தனை தடவைதான் சொல்வது?

இன்று காலை குடும்பக் குழுவில் மறுபடியும் அதே ஃபார்வர்ட். "வெள்ளைக்காரனுக்குக் கேஷ் என்ற சொல்லைக் கொடுத்ததே நம் காசுதான், தமிழனாக இருந்தால் பகிரவும்." இந்த வருஷம் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பொறுக்க முடியாமல் "இது தப்பு சித்தப்பா" என்று எழுதினேன். அடுத்த நிமிஷமே, "நாலு எழுத்து படிச்சிட்டா தாய்மொழியைக் குறைச்சுப் பேசலாமா?" என்று வந்துவிட்டது. நானா குறைத்துப் பேசினேன்?

கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் பிரெஞ்சு, இத்தாலியன் வழியாக லத்தீனின் 'காப்ஸா'வுக்குப் போகிறது. காப்ஸா என்றால் பெட்டி, அவ்வளவுதான். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பணம் வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர், உள்ளே இருக்கும் பணத்துக்கும் அதே பெயர். போகப் போகப் பெட்டி உதிர்ந்து பணம் மட்டும் நின்றது. நாம் விழுங்குகிற கேப்ஸ்யூலும் அந்தக் காப்ஸாவின் குட்டிதான். இதில் நம் காசு எங்கே வந்தது? ஓசை ஒத்துப்போனால் உறவு என்று யார் சொன்னது?

என் வயிறு எரிவது அதற்காகக் கூட இல்லை. ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருக்கிறது. அகராதியில் தனிச் சொல்லாகவே போட்டிருப்பார்கள், அதுதான் நிஜமாகவே நம் காசு! போர்த்துக்கீசியர் நம் காசைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'காய்ஷா' ஆக்கினார்கள், அதை ஆங்கிலேயர் கேஷ் ஆக்கினார்கள். சீனத்தில் நடுவில் ஓட்டை போட்ட நாணயம் உண்டே, அதற்குக்கூட இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கணக்கு எழுதியதும் இந்தக் கேஷில்தான். 1818-ல் ரூபாய்க் கணக்கு வரும்வரை அது ஓடியது. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல் திட்டில் தட்டி மூழ்கியது. அதில் மதராஸுக்கென்று அடித்த 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள் லட்சக்கணக்கில் இருந்தன, 'கேஷ்' என்று ஆங்கிலத்தில் பொறித்தே. 1980-களில் முக்குளித்து அள்ளினார்கள். இது எவ்வளவு பெரிய கதை! இதை ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஃபார்வர்ட் செய்து நான் பார்த்ததில்லை.

அதை விடுங்கள், குறுந்தொகையில் ஒரு பாட்டில் கிளி வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. புது நூலில் கோக்கிறவன் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் பொன் காசு மாதிரி இருக்கிறதாம் அந்தப் பழம். ஆங்கிலம் என்று ஒரு மொழி உருவாவதற்கு முன்பே இந்தச் சொல் இப்படி மின்னிக்கொண்டிருந்தது, அதற்குப் பெருமை வர வெள்ளைக்காரனின் பெட்டியில் கொண்டுபோய் ஒட்ட வேண்டுமா?

அக்கா மகள் பேச்சுப் போட்டிக்காக இந்த ஃபார்வர்டை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருக்கிறாள், பத்து வயசுக் குழந்தை. மேடையில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் "இது தவறும்மா" என்று சொல்லிவிட்டால் யார் தலைகுனிவது, அனுப்பியவர்களா? கட்டுமரமும் சுருட்டும் கறியும் மிளகுத்தண்ணியும் அப்பட்டமாக ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கின்றன, யாராலும் மறுக்க முடியாது. அவற்றைச் சொல்லிக்கொடுக்க என்ன கேடு? பொய்யை நாலு கலந்தால் அந்த நிஜத்தையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவார்கள்!

இதையெல்லாம், கப்பல் கதை உட்பட, குழுவில் பொறுமையாக எழுதிப் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து நிமிஷத்தில் அதன் கீழேயே அடுத்தது வந்து விழுந்தது: 'எட்டுதான் எய்ட் ஆனது, தமிழனாக இருந்தால் பகிரவும்.'