ஆலிவுக்குக் காசு வாங்குவது ஏமாற்றா?
லிஸ்பன் சாப்பாடு பற்றிய கட்டுரையில், அங்குள்ள உணவகங்களில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வைத்துவிட்டுப் பில்லில் ஏற்றுகிறார்கள் என்று கட்டுரையாளர் பொரிந்து தள்ளியிருக்கிறார். ஏமாற்றெல்லாம் இல்லை, போர்ச்சுகலில் வழக்கமே அதுதான். சாப்பாட்டுக்கு முன் இப்படி வைக்கும் ரொட்டி, ஆலிவ், சீஸ் வகையறாவுக்கு ‘கூவெர்’ என்று பெயர்; மெனுவில் விலையோடு போட்டிருக்கும். கேட்காமல் வைத்ததை நாம் தொடாமல் விட்டால் பில்லில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வேண்டாமென்றால் எடுத்துப் போகச் சொல்லிவிடலாம். (செம்மறிப் பால் சீஸ் வந்தால் நான் சொல்வதில்லை!)

அப்புறம், பக்கல்யாவ் ஆ பிராஸ் என்ற பதார்த்தம் பற்றி ஒரு வரிகூட இல்லையே? காட் மீன் கருவாட்டை ஊறவைத்து, நார் நாராகப் பிய்த்து, தீக்குச்சி கனத்தில் பொரித்த உருளைக்கிழங்கோடு முட்டை ஊற்றிக் கிளறுவார்கள். முட்டை தளதளவென்று இருக்க வேண்டும். சில இடங்களில் பொடிமாஸ் மாதிரி வறட்டிவிடுகிறார்கள், வீண். தனியாகப் போனால் ‘மேயா டோஸ்’, அதாவது அரை அளவு, கேளுங்கள். அதுவே வயிற்றை நிறைத்துவிடும்.