கண் பிரஷர் நார்மல் என்றால் கிளாக்கோமா இல்லை என்பது உண்மையா?

“கண் பிரஷர் (கண்ணுக்குள் உள்ள அழுத்தம்) 21 mmHg-க்குக் கீழே இருந்தால் கிளாக்கோமா வராது, சொட்டு மருந்து விட்டு நரம்பைப் பார்ப்பது வீண் செலவு” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு பழுதாகும் நோய். அழுத்தம் அதற்கு ஒரு முக்கியக் காரணம், அவ்வளவுதான். அழுத்தம் 21-ஐத் தாண்டாமலேயே நரம்பு தேய்கிறவர்கள் ஏராளம். ஜப்பானின் தஜிமி நகர ஆய்வில் (2004), திறந்த கோணக் கிளாக்கோமா (கிளாக்கோமாவின் பொதுவான வகை) இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கு அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழேதான் இருந்தது.

அதனால்தான் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பாவை (நடுவில் உள்ள கருந்துளையை) விரித்து, கண்ணின் உள்ளே பின்புறம் பார்க்கிறார். பார்வை நரம்பின் தலை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகல வட்டம். நடுவில் சிறு குழி. ஏறக்குறைய 10 லட்சம் நரம்பு இழைகள் அதன் விளிம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. இழைகள் சாகச் சாக விளிம்பு மெலிந்து குழி அகலும். சிலருக்கு விளிம்பில் தீக்குச்சிச் சுடர் போல மெல்லிய ரத்தக் கீற்று தெரியும். குழி பெரிதாக இருந்தாலே நோய் என்றும் இல்லை. பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள் உண்டு. ஓசிடி ஸ்கேனும் (நரம்பு இழை அடுக்கின் தடிமனை ஒளியால் அளப்பது) பார்வைப் புலச் சோதனையும் (பக்கப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்வார்கள்.

அமெரிக்கக் கண் மருத்துவர் அகாடமியின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். உங்கள் கண் மருத்துவரிடமும் கேளுங்கள்.

இழந்த பார்வை திரும்பாது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அதை நம்பிக் கிளாக்கோமாவுக்கான சொட்டு மருந்தை நிறுத்தியவர்கள் உடனே மருத்துவரைப் பாருங்கள்.