முதல் பந்தி யாருக்கு?
மலேசியாவுல, சுங்கை சிப்புட்டில் நேத்து ஒரு காதுகுத்து. விடியக்காலையில இருந்து அடுப்படியில வெந்தது நாங்க. இலை போட்டதும், "ஆம்பளைங்க முதல்ல உக்காரட்டும்." சொன்னதும் ஒரு அத்தைதான். எனக்கு வயிறு எரிஞ்சிது.

என் பாட்டி இருட்டுலேயே பெரட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துல காலையில பேர் கூப்பிடுற எடத்துக்குப் போய், பால்மரம் வெட்டினவங்க. தாத்தாவுக்குச் சமமா வாளி தூக்கிட்டு, வீட்டுக்கு வந்து உலையும் அவங்கதான் வைக்கணும். 1943இல் நேதாஜியோட பெண்கள் படையான ஜான்சி ராணி படையில துப்பாக்கி பிடிச்சவங்கள்ல தோட்டத்துப் பொண்ணுங்க எத்தனை பேர்! 2001இல் மலேசிய அரசியலமைப்போட 8ஆவது பிரிவிலேயே பாலினப் பாகுபாடு கூடாதுன்னு சேர்த்தாச்சு. பந்தியில மட்டும் ஆம்பள ஒசத்தியா?

எங்க முறை வந்தப்போ ஆறின சோறு, கோழிக் குழம்புல வெறும் எலும்பு.

"தம்பி மட்டும் ஏம்மா முதல்ல சாப்பிட்டான்?"னு மகள் கேட்டா. அடுத்த விசேஷத்துல அவளை முதல் பந்தியில உக்கார வைக்கப்போறேன். யார் எழுப்புறாங்கன்னு பாக்குறேன்.