43 புள்ளிகள்தான் அதிகபட்சமா?

வெலிங்டன் ரக்பி ஆட்டத்தைப் பற்றி இங்கே பலரும் ஒரு வரியைப் பகிர்கிறார்கள்: 2025 செப்டம்பர் 13 அன்று தென்னாப்பிரிக்காவிடம் 43-10 எனத் தோற்றபோது, நியூசிலாந்து தன் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகளை விட்டுக்கொடுத்தது என்று.

இதில் ஒரு சின்னத் திருத்தம். அது மிகப்பெரிய தோல்வி என்பது சரி, வித்தியாசம் 33 புள்ளிகள். ஆனால் அதிகம் விட்டுக்கொடுத்த ஆட்டம் அது இல்லை. 2019 ஆகஸ்ட் 10 அன்று பெர்த்தில் ஆஸ்திரேலியா 47-26 என வென்றது. அங்கே போனது 47 புள்ளிகள், வித்தியாசமோ 21தான். இரண்டு சாதனைகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, அவ்வளவுதான்.

குழப்பம் வந்ததில் வியப்பில்லை. வெலிங்டனில் இடைவேளையின்போது நியூசிலாந்து 10-7 என முன்னிலையில் இருந்தது. அப்புறம் இரண்டாம் பாதியில் மட்டும் 36-0! ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து ரக்பி அணி) ரசிகனாக அந்தப் பாதியைப் பார்த்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. அந்த வேதனையில் எந்தப் பெரிய எண்ணும் நம்பும்படியாகத்தான் தெரியும்.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆல் பிளாக்ஸ் அணியின் டெஸ்ட் (மற்ற நாட்டு அணிகளுடனான ஆட்டம்) முடிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. எதிரணி எடுத்த புள்ளிகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள், பெர்த் மேலே வரும். வித்தியாசத்தை வைத்து வரிசைப்படுத்தினால் வெலிங்டன் வரும். அதற்கும் நேரமில்லை என்றால் 2019 பெர்த் ஆட்டத்தின் காணொளியில் கடைசி நிமிடத்துக்குப் போய் ஸ்கோர் பலகையைப் பாருங்கள். பகிர்ந்தவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டால் நல்லது.